லிவி சொல்லும் ரோம்: எதை, எவ்வளவு நம்பலாம்?

பெண் ஓநாயிடம் பால் குடித்த இரட்டைக் குழந்தைகள், பாலத்தில் தனியாளாக நின்று எதிரிப் படையைத் தடுத்த ஹொராத்தியுஸ், யானைகளோடு ஆல்ப்ஸ் மலை ஏறிய கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால். ரோமின் வரலாற்றை மேலோட்டமாகப் படித்தவருக்கும் இவை தெரிந்திருக்கும். இவற்றுக்கு இன்று நாம் அறிந்த வடிவத்தைக் கொடுத்ததில் பெரும்பங்கு ஒருவருடையது: தீத்துஸ் லிவியுஸ், சுருக்கமாக லிவி. அவரை முதன்முதலாகக் கையில் எடுப்பவர்கள் பொதுவாக இரண்டில் ஒரு தப்பு செய்வார்கள். எழுதியிருப்பதெல்லாம் அப்படியே நடந்தது என்று எடுத்துக்கொள்வது ஒன்று. ஓநாயைப் பார்த்ததுமே எல்லாம் கட்டுக்கதை என்று மூடிவைப்பது மற்றொன்று. லிவியின் நம்பகம் புத்தகத்துக்குப் புத்தகம், சில இடங்களில் பக்கத்துக்குப் பக்கம் மாறும். அது ஏன் மாறுகிறது என்று தெரிந்துவிட்டால் அவரைப் படிப்பது கடினமில்லை.

லிவி பிறந்தது வட இத்தாலியில் உள்ள பத்தாவியம் என்ற வசதியான ஊரில். இன்று அதன் பெயர் பாதுவா. பிறந்த ஆண்டு கி.மு. 59 என்று பொதுவாகச் சொல்கிறார்கள், கி.பி. 17-இல் அதே ஊரில் இறந்தார். இவர் செனட் உறுப்பினராக இருந்ததில்லை, எந்தப் பதவியும் வகித்ததில்லை, படை நடத்தியதும் இல்லை. ரோமில் வரலாறு எழுதியவர்களில் பலர் பதவியில் இருந்து ஓய்ந்த பெரிய மனிதர்கள். அந்த வரிசையில் இவர் விதிவிலக்கு. இதன் விளைவு எழுத்தில் நன்றாகவே தெரியும். ஒரு முற்றுகைக்குள் அடைபட்ட மக்களின் பீதியை அவர் எழுதினால் நம் கண்முன் நிற்கும். அதே போரில் எந்தப் படைப்பிரிவு எந்தப் பக்கம் திரும்பியது என்று வரைபடம் போட்டுப் பார்த்தால் பல நேரம் கணக்கு உதைக்கும்.

எப்போது எழுதத் தொடங்கினார் என்பதற்கு அவர் புத்தகத்திலேயே தடயம் இருக்கிறது. போர் நடந்தால் திறந்தும் அமைதி நிலவினால் மூடியும் வைக்கப்படும் ஜானுஸ் கோயில் கதவைப் பற்றி முதல் புத்தகத்தின் 19-ஆம் அத்தியாயத்தில் பேசுகிறார். ரோமின் இரண்டாம் அரசரான நூமாவுக்குப் பிறகு அது இரண்டே முறை மூடப்பட்டதாகவும், இரண்டாவது முறை மூடியவர் ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் என்றும் எழுதுகிறார். 'அகஸ்டஸ்' என்ற பட்டம் கி.மு. 27 ஜனவரியில்தான் கிடைத்தது. கி.மு. 25-இல் கதவு மீண்டும் மூடப்பட்டது, அது லிவிக்குத் தெரியவில்லை. ஆகவே இந்த இடம் இரண்டுக்கும் நடுவில் எழுதப்பட்டிருக்க வேண்டும். உள்நாட்டுப் போர்கள் ஓய்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். முன்னுரையில் ஒரு கசப்பு தெரிவதற்குக் காரணம் அதுதான்: நம் தீமைகளையும் நம்மால் தாங்க முடியவில்லை, அவற்றுக்கான மருந்தையும் தாங்க முடியவில்லை என்கிறார்.

நூலின் பெயர் 'ஆப் உர்பே கோந்திதா', அதாவது 'நகரம் நிறுவப்பட்டது முதல்'. மொத்தம் 142 புத்தகங்கள். ட்ராயிலிருந்து ஏனியாஸ் வந்து சேர்வதில் தொடங்கி, கி.மு. 9-இல் அகஸ்டஸின் மனைவிக்கு முந்தைய மணத்தில் பிறந்த மகன் திருசுஸ் இறந்ததோடு முடிகிறது. 'புத்தகம்' என்றால் இங்கே ஒரு பாபிரஸ் சுருள் அளவு. நம் காலத்துத் தடித்த புத்தகம் என்று நினைக்க வேண்டாம். இந்த 142-இல் நம்மிடம் இருப்பவை 35 மட்டுமே: 1 முதல் 10 வரை, 21 முதல் 45 வரை. கடைசி ஐந்தில் ஆங்காங்கே ஏடுகள் விழுந்திருக்கின்றன. சீசர், அவரை எதிர்த்து நின்ற தளபதி பாம்பே, கிளியோபாட்ரா காலத்தைப் பற்றி லிவி எழுதிய அத்தனையும் போய்விட்டது. தன் காலத்தைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுபவர்களுக்கு இதைவிடப் பெரிய இழப்பு வேறில்லை. பாம்பேயை அவர் புகழ்ந்த விதத்தைப் பார்த்து அகஸ்டஸே 'பாம்பே கட்சிக்காரர்' என்று கிண்டல் செய்ததாகவும், அதனால் நட்பு கெடவில்லை என்றும் பிற்கால ரோம வரலாற்றாசிரியர் தாசித்துஸ் குறித்திருக்கிறார்.

இப்படிக் கொத்துக் கொத்தாகத் தொலைந்ததற்குக் காரணம் உண்டு. இவ்வளவு பெரிய நூலை யாரும் ஒரே கட்டாக வைத்துக்கொள்ளவில்லை. பத்துப் பத்தாக, ஐந்து ஐந்தாகப் பிரித்துப் படியெடுத்தார்கள். ஒவ்வொரு கட்டுக்கும் தனித்தனித் தலைவிதி. 41 முதல் 45 வரையிலான கட்டு தப்பியது ஒரே ஒரு கையெழுத்துப் படியால். ஜெர்மனியின் லோர்ஷ் மடத்தில் 1527-இல் அதைக் கண்டெடுத்தார்கள். இன்று வியன்னாவில் இருக்கிறது. தொலைந்த புத்தகங்களுக்குப் பழங்காலச் சுருக்கங்கள் உண்டு. 136, 137 இரண்டுக்கு மட்டும் அதுவும் இல்லை. சில சுருக்கங்கள் நாலைந்து வரிதான். அவற்றை லிவியின் வாசகமாக மேற்கோள் காட்டக் கூடாது.

அடுத்துப் பார்க்க வேண்டியது எந்தக் காலத்துக்கு எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறார் என்பது. முதல் புத்தகம் ஒன்றே ஏறக்குறைய 250 ஆண்டுகளை, அதாவது ஏழு அரசர்களின் ஆட்சி முழுவதையும் விழுங்கிவிடுகிறது. 2 முதல் 5 வரை, கி.மு. 509-இல் அரசர்களை விரட்டியதிலிருந்து கி.மு. 390-இல் கால் (Gaul) இனத்தார் ரோமைச் சூறையாடியது வரை. 21 முதல் 30 வரை பத்துப் புத்தகங்களும் ஹன்னிபால் போர் நடந்த 18 ஆண்டுகளுக்கு. பழைய காலத்துக்கு அவர் கையில் சரக்கு இல்லை, பிந்தைய காலத்துக்கு நிறைய இருந்தது. இதை அவரே ஒளிக்கவில்லை. ஆறாம் புத்தகத்தின் தொடக்கத்தில், அந்தக் காலத்தில் எழுத்துப் பதிவே குறைவு, இருந்தவற்றிலும் பெரும்பகுதி நகரம் எரிந்தபோது அழிந்தது, இனி வருவது இன்னும் தெளிவாக இருக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் மேலே போகிறார்.

முதல் ஐந்து புத்தகங்களை எப்படி எடுத்துக்கொள்வது?

அரசர்கள் ஏழு பேர், மரபுக் கணக்கில் ஆட்சி 244 ஆண்டுகள். வகுத்துப் பாருங்கள், ஆளுக்குச் சராசரி 35 ஆண்டுகள். அதிலும் சிலர் கொலையுண்டவர்கள், ஒருவர் விரட்டப்பட்டவர். இந்தக் கணக்கு நம்பும்படி இல்லை. பெயர்கள் சிலவற்றில் உண்மை இருக்கலாம். ஆண்டுகள் பிற்காலத்தில் இழுத்து நிரப்பியவை. ரோம் பிறந்த ஆண்டு கி.மு. 753 என்று நாம் மனப்பாடம் செய்ததும் வார்ரோ என்ற அறிஞரின் பெயரால் நிலைத்த கணக்குதான்.

லிவி இதையெல்லாம் கண்மூடி நம்பினாரா? இல்லை. நகரம் பிறப்பதற்கு முந்தைய கதைகள் கவிஞர்களுக்கு உகந்தவை, அவற்றை உறுதிசெய்யவும் மாட்டேன், மறுக்கவும் மாட்டேன் என்று முன்னுரையிலேயே சொல்கிறார். ஓநாயிடம் பால் குடித்த ரோமுலுஸ், ரெமுஸ் இரட்டையரில் ரெமுஸ் எப்படிச் செத்தான் என்பதற்கு இரண்டு கதை கொடுக்கிறார். ரோமுலுஸ் மேகத்தில் மறைந்ததாக ஒரு கதை சொல்லி, செனட்டர்கள் அவரைப் பிய்த்துக் கொன்றதாக அன்றே சிலர் முணுமுணுத்தார்கள் என்றும் சேர்த்துவைக்கிறார். நூமா அரசர் பிதாகரஸிடம் பாடம் கேட்டார் என்ற பேச்சைக் கால ஆராய்ச்சி செய்து தள்ளுகிறார்: பிதாகரஸ் வாழ்ந்தது நூமாவுக்கு நூறாண்டுகளுக்கு மேல் பிந்தி, ஆறாம் அரசர் சேர்வியுஸ் துல்லியுஸ் காலத்தில். ஹொராத்தியுஸ் கவசத்தோடு ஆற்றில் குதித்து நீந்திக் கரை சேர்ந்ததைச் சொல்லிவிட்டு, பிற்காலத்தவரிடம் நம்பிக்கையைவிடப் புகழையே அதிகம் பெற்ற செயல் என்று மெல்லிய குத்தலும் வைக்கிறார். அந்தக் குத்தலைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறவர்கள்தான் லிவியை ஏமாளி என்பார்கள். கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் சொல்வதில் ஹொராத்தியுஸ் பிழைக்கவே இல்லை.

ஐந்தாம் புத்தகத்தின் முடிவில் வேறு விதமான கோளாறு. கால் இனத்தார் நகரைப் பிடித்துவிட்டார்கள்; ஆயிரம் பவுண்டு எடை தங்கம் கொடுத்தால் போவதாகப் பேச்சு. தராசில் கள்ள எடை என்று ரோமர்கள் முறையிட, தலைவன் பிரென்னுஸ் தன் வாளையும் எடைத்தட்டில் தூக்கிப் போடுகிறான்: 'தோற்றவனுக்குக் கேடுதான்!' தங்கம் நிறுத்து முடிவதற்குள் ரோமத் தளபதி கமில்லுஸ் படையோடு வந்து இறங்கி, பேரம் செல்லாது என்று சொல்லி எதிரியை விரட்டிவிடுகிறார். பொலிபியஸோ கால் இனத்தார் கொள்ளைப் பொருளோடு பத்திரமாக ஊர் திரும்பினார்கள் என்கிறார். மானம் போன இடத்தில் ஒரு நாயகன் கடைசி நிமிடத்தில் வந்து காப்பாற்றினால், அந்த இடத்தில் பிற்காலத் தேசப்பற்று ஒட்டுப்போட்டிருக்கிறது என்று சந்தேகப்படலாம். ஆண்டிலும் சிக்கல் உண்டு. கிரேக்கர்களின் கணக்கோடு பொருத்தினால் இந்தச் சூறையாடல் கி.மு. 387 அல்லது 386-இல் வரும். ரோமப் பட்டியலில் பதவியாளர் இல்லாத ஆண்டுகள் என்றும், சர்வாதிகாரி மட்டும் ஆண்ட ஆண்டுகள் என்றும் இடைச்செருகலாகச் சில ஆண்டுகள் நுழைந்ததால் வந்த வித்தியாசம் இது. ஆகவே கி.மு. 300-க்கு முந்தைய ரோம ஆண்டு எதையும் மூன்று நான்கு ஆண்டு முன்பின்னாக வைத்துக்கொள்வது நல்லது.

ஓர் ஆண்டின் உடற்கூறு

21-ஆம் புத்தகத்திலிருந்து கதை வேறு. இங்கே ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய ஒரே அச்சில் வரும். அந்த அச்சு தெரியாமல் படித்தால் சலிப்புத் தட்டும். தெரிந்தால் எங்கே வேகமாகத் தள்ளலாம் என்பது புரியும். முதலில், ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் தலைமை ஆட்சியாளர்களான இரண்டு கான்சல்கள் பதவியேற்பார்கள். ரோமில் ஆண்டுக்குப் பெயரே அவர்கள் பெயர்தான். ஹன்னிபால் போர்க்காலத்தில் பதவியேற்பு மார்ச் 15. யாருக்கு எந்தப் போர்முனை என்று சீட்டுக் குலுக்குவார்கள். எத்தனை படையணி திரட்டுவது என்று செனட் முடிவு செய்யும். வெளிநாட்டுத் தூதர்கள் வருவார்கள். கெட்ட சகுனங்கள் பட்டியலிடப்பட்டு அவற்றுக்குப் பரிகாரம் செய்யப்படும். பிறகு போர். இலையுதிர் காலம் தாண்டியதும் அடுத்த தேர்தல், இறந்த பூசாரிகளின் பெயர், அவர்கள் இடத்துக்கு வந்தவர்கள், வெள்ளம், தீ, புதிய கோயில். போர்க்களக் காட்சியைவிட இந்த வறண்ட வரிகளைத்தான் ஆய்வாளர்கள் அதிகம் மதிக்கிறார்கள். அரசுப் பதிவுகளிலிருந்தும் பூசாரிகளின் குறிப்பேடுகளிலிருந்தும் கைமாறிக் கைமாறி வந்தவை என்பதால், அலங்கரிக்க யாருக்கும் காரணமில்லை.

சகுனப் பட்டியல் எப்படி இருக்கும் என்பதற்கு 21-ஆம் புத்தகம், 62-ஆம் அத்தியாயம். கி.மு. 218 குளிர்காலம். காய்கறிச் சந்தையில் ஆறு மாதக் குழந்தை ஒன்று 'வெற்றி விழா!' என்று கத்தியது. மாட்டுச் சந்தையில் ஒரு காளை தானாகவே மூன்றாம் மாடிக்கு ஏறி, குடியிருந்தவர்களின் கூச்சலில் மிரண்டு கீழே குதித்தது. பிக்கேனும் பகுதியில் கல்மழை. லிவி இதை ஆரம்பிக்கும்போதே, மனம் ஒருமுறை தெய்வ பயத்தின் பக்கம் திரும்பிவிட்டால் நிறையச் சேதி வரும், சுலபமாக நம்பவும் படும் என்று சொல்லிவிடுகிறார். குழந்தை கத்தியதா என்பது நமக்கு முக்கியமில்லை. கத்தியது என்ற சேதியை எடுத்துக்கொண்டு செனட் கூடிப் பரிகாரத்துக்கு ஆணையிட்டது, அதுதான் வரலாறு. போகிற போக்கில் ரோமில் அப்போதே மூன்று மாடி வீடு இருந்தது என்ற விவரமும் கிடைத்துவிடுகிறது.

இந்த ஆண்டு அச்சில் ஒரு குறை உண்டு. மார்ச்சிலிருந்து மார்ச் வரை வெட்டுவதால், ஸ்பெயினில் தொடர்ந்து நடக்கும் ஒரு போர் மூன்று துண்டாகும். ஜனவரி, பிப்ரவரி நிகழ்ச்சிகள் முந்தைய ஆண்டின் கான்சல் கணக்கில் விழும். நம் ஆண்டுக்கு மாற்றும்போது பலர் இங்கேதான் இடறுவார்கள். நகரம் பிறந்த கணக்கில் எண் கொடுத்திருந்தால் 754-லிருந்து கழித்தால் கி.மு. கிடைக்கும்: ஹன்னிபாலிடம் ரோமர்கள் படுதோல்வி கண்ட கன்னே போர் நடந்த 538-ஆம் ஆண்டு, கி.மு. 216. ஆனால் லிவி பெரும்பாலும் எண் தருவதில்லை, கான்சல் பெயர்தான் தருவார். உரைக் குறிப்புள்ள பதிப்பு இல்லாமல் இந்தப் பகுதியைப் படிப்பது வீண் சிரமம்.

கையில் இருந்த மூலங்களை அவர் என்ன செய்தார்?

லிவி ஆவணக் கிடங்கில் உட்கார்ந்து ஓலை புரட்டிய ஆள் அல்ல. தனக்கு முன் எழுதியவர்களின் நூல்களைப் படித்து, மெருகேற்றி எழுதினார். ஃபாபியுஸ் பிக்தோர், கோயலியுஸ் அந்திப்பாத்தர், வலேரியுஸ் அந்தியாஸ், குவாத்ரிகாரியுஸ் ஆகியோர் ரோமத் தரப்பு. கிரேக்க விவகாரங்களுக்குப் பொலிபியஸ். அவர் வேலை செய்த விதம் இது: ஒரு பகுதிக்கு ஒருவரை முதன்மையாகப் பிடித்துக்கொண்டு கதையை ஓட்டுவார், முடிவில் மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று ஒரு பத்தி சேர்ப்பார். சுருளை விரித்துச் சுருட்டிப் படித்த காலத்தில் ஐந்து நூலை ஒரே நேரம் ஒப்பிடுவது லேசுப்பட்ட வேலை இல்லை.

அந்த முடிவுப் பத்திகள் பொக்கிஷம். 26-ஆம் புத்தகம் 49-ஆம் அத்தியாயம் பாருங்கள். கி.மு. 210 என்று லிவி வைக்கும் ஆண்டில் ரோமத் தளபதி இளம் ஸ்கிப்பியோ ஸ்பெயினில் எதிரியின் தளமான புதிய கார்த்தேஜ் நகரைப் பிடிக்கிறார். பிடிபட்ட பணயக் கைதிகள் எத்தனை பேர்? சிலர் 300 என்கிறார்கள், வேறு சிலர் 3,724. கோட்டையில் இருந்த வீரர்கள் பத்தாயிரம் என்பார் உண்டு, ஏழாயிரம் என்பார் உண்டு, இரண்டாயிரத்துக்கு மேல் இல்லை என்பாரும் உண்டு. அம்பு எய்யும் 'தேள்' பொறிகள் எத்தனை? கிரேக்கரான சிலேனுஸ் அறுபது என்கிறார். வலேரியுஸ் அந்தியாஸ் பெரியவை ஆறாயிரம், சிறியவை பதின்மூன்றாயிரம் என்கிறார். 'பொய்க்கு எல்லையே இல்லை' என்று லிவி எரிச்சலோடு எழுதுகிறார். வேடிக்கை என்னவென்றால், இப்படித் திட்டிய அதே அந்தியாஸை வேறு இடங்களில் அவர் பயன்படுத்தவே செய்கிறார். கொன்ற எதிரிகளின் எண்ணிக்கை வட்டமாகவும் பெரிதாகவும் வரும் இடங்களில் அந்தியாஸின் நிழல் இருக்கலாம் என்று ஓர் எச்சரிக்கை வைத்துக்கொள்ளுங்கள். நல்ல எண்கள்கூட ஒத்துப்போவதில்லை. கன்னேயில் மாண்ட ரோமத் தரப்பினர் லிவியில் காலாள் 45,500, குதிரைப்படை 2,700. பொலிபியஸில் காலாள் மட்டும் ஏறக்குறைய 70,000. இந்த முறை லிவியின் எண்ணையே பலர் பொருத்தமாகக் கருதுகிறார்கள்.

ஒரு மூலத்தை விட்டு இன்னொன்றுக்குத் தாவும்போது ஒரே சம்பவம் இருமுறை நுழைந்துவிடும் அபாயம் உண்டு. கி.மு. 212-இல் ஹெர்தோனேயா என்ற ஊரில் கினேயுஸ் ஃபுல்வியுஸ் ஹன்னிபாலிடம் தோற்கிறார். கி.மு. 210-இல் அதே ஊரில் இன்னொரு கினேயுஸ் ஃபுல்வியுஸ் அதே ஹன்னிபாலிடம் தோற்கிறார். குடும்பப் பெயர் மட்டும் வேறு. ஒரே தோல்வி இரண்டானதா என்று இன்றும் சண்டை ஓயவில்லை.

கிரேக்க மொழியைத் தவறாகப் புரிந்துகொண்ட இடமும் இருக்கிறது. கி.மு. 197, ரோமர்களும் மாசிடோனியர்களும் மோதிய கினோஸ்கெஃபலாய் போர். மாசிடோனியர்களுக்கு ஈட்டியைத் தாழ்த்திக் குறிவைக்க ஆணை வருகிறது என்பது பொலிபியஸ் சொல்வது. லிவி அதை ஈட்டியைக் கீழே போட ஆணை வந்ததாக எடுத்துக்கொண்டு, நீளம் இடைஞ்சலாக இருந்ததால் வாளால் போரிடச் சொன்னார்கள் என்று விளக்கமும் கொடுத்துவிட்டார். நீண்ட ஈட்டிதான் அந்தப் படையின் உயிர். களம் கண்ட ஒருவர் இந்த வாக்கியத்தை எழுதியிருக்க மாட்டார்.

பேச்சுகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: அவை லிவி எழுதியவை. பண்டை வரலாற்றாசிரியர்கள் எல்லோரும் செய்ததுதான். கமில்லுஸ் பேசியதாகவோ ஹன்னிபால் பேசியதாகவோ மேற்கோள் காட்டாதீர்கள், லிவி அவர்களைப் பேசவைத்ததாகக் காட்டுங்கள்.

ஆட்சியாளர் குறுக்கிட்ட ஓர் இடம் மட்டும் தனியாகப் படிக்கத் தக்கது: நான்காம் புத்தகம், 20-ஆம் அத்தியாயம். எதிரி அரசனைத் தன் கையாலேயே கொன்று, அவன் ஆயுதங்களைக் கோயிலில் வைக்கும் அரிய பெருமை ரோமுலுஸுக்குப் பிறகு கொர்னேலியுஸ் கோஸ்ஸுஸுக்குக் கிடைத்தது. அப்போது அவர் படையில் துணைநிலை அதிகாரிதான் என்று தனக்கு முன் எழுதிய எல்லோரும் சொல்வதாக லிவி எழுதுகிறார். பிறகு, கோயிலைப் புதுப்பித்த அகஸ்டஸ் உள்ளே போய், அங்கிருந்த நார்த்துணி மார்புக்கவசத்தில் கோஸ்ஸுஸ் 'கான்சல்' என்று எழுதியிருந்ததைத் தாமே படித்ததாகச் சொன்னார் என்கிறார். அந்தச் சாட்சியை மறுப்பது பாவம் என்கிறார். ஆனால் தன் கதையில் கோஸ்ஸுஸின் பதவியை மாற்றவில்லை! இதன் பின்னணி: கி.மு. 29-இல் கிராஸ்ஸுஸ் என்ற தளபதி ஓர் அரசனைக் கொன்றிருந்தார். தலைமைத் தளபதிக்கு மட்டுமே அந்தப் பெருமை என்றால் அகஸ்டஸுக்குக் கீழ் இருந்த அவருக்கு அது கிடைக்காது. அகஸ்டஸுக்கு இது வசதியாக அமைந்ததைப் பல ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள்.

லிவியை வெளி ஆதாரத்தோடு உரசிப் பார்க்க ஒரு நல்ல வாய்ப்பு 39-ஆம் புத்தகத்தில் இருக்கிறது. கி.மு. 186-இல் மதுக் கடவுள் பாக்குஸின் வழிபாட்டை செனட் ஒடுக்கியது. லிவி இதை ஒரு காதலன், அவனிடம் ரகசியத்தை உடைக்கும் ஒரு தாசி, கொடுமைக்கார மாற்றாந்தகப்பன் என்று நாடகம் போலத் தொடங்குகிறார். அந்தப் பகுதியில் எவ்வளவு உண்மை என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் 18-ஆம் அத்தியாயத்தில் செனட்டின் நிபந்தனைகளைத் தருகிறார்: வழிபட வேண்டுமென்றால் அதிகாரியிடம் அனுமதி வாங்க வேண்டும், குறைந்தது நூறு செனட்டர்கள் இருக்கும் கூட்டம் ஒப்ப வேண்டும், ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது, பொது நிதி கூடாது, தலைமைப் பூசாரி கூடாது. 1640-இல் தென் இத்தாலியின் திரியோலோவில் ஒரு வெண்கலத் தகடு கிடைத்தது, அந்த ஆணையைச் சுமந்துகொண்டு. அதிலும் நூறு செனட்டர்கள், அதிலும் ஐந்து பேர். அந்த ஐவரில் ஆண் இருவர், பெண் மூவர் என்ற பிரிவு மட்டும் தகட்டில் கூடுதலாக இருக்கிறது. 150 ஆண்டுகளுக்கும் மேல் பிந்தி எழுதியவருக்கு இது கெட்டிக்கார மதிப்பெண்.

படிக்கத் தொடங்குபவர் முதல் புத்தகத்திலிருந்து வரிசையாகப் போக வேண்டியதில்லை. வரிசையாகப் போனவர்களில் பலர் இரண்டாம், மூன்றாம் புத்தகங்களின் முடிவில்லாத எல்லைச் சண்டைகளில் நின்றுவிடுவார்கள். முன்னுரையைப் படியுங்கள், பிறகு முதல் புத்தகம், அதன் பிறகு நேராக 21, 22. ஆல்ப்ஸ் கடப்பும், திராசிமேனே ஏரிப் போரும், கன்னேயும் அங்கே இருக்கின்றன. 22 முடிந்ததும் ஐந்தாம் புத்தகத்துக்குத் திரும்பி வரலாம். மேற்கோள் எண்கள் எல்லா மொழிபெயர்ப்பிலும் ஒன்றே: 21.37 என்றால் 21-ஆம் புத்தகம், 37-ஆம் அத்தியாயம். அங்கே ஹன்னிபாலின் ஆட்கள் வழியை மறித்த பாறையைத் தீமூட்டிச் சூடாக்கி, வினிகர் ஊற்றி, இரும்பால் பிளக்கிறார்கள். பொலிபியஸில் பாதை அமைத்த செய்தி உண்டு, வினிகர் கிடையாது.